ஆளெடுப்பதும் ஆளாக்குவதும்

அண்மையில் கொழும்பில் நடைபெற்ற நினைவுக் கூட்டமொன்றின் பின்னர், முன்னொரு காலத்தில் என்னுடன் ஒரே ஆசிரிய பீடத்தில் பணியாற்றிய நண்பர் ஒருவருடன் நீண்ட நேரம் பேசும் சந்தர்ப்பம் கிடைத்தது. ஊடக நிறுவனமொன்றில் ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பு இன்று அவரிடம் இருக்கிறது. இந்த வருடம் பயிலுநர்கள் எவரையும் சேர்ப்பதில்லை என்று முகாமைத்துவம் தீர்மானித்திருப்பதாக அவர் கூறினார். ஊடக அறிக்கைகளைச் சுருக்குவது, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது, எழுத்துப்பிழை பார்ப்பது போன்ற வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுகிறது. அவற்றுக்கென்று சம்பளம் கொடுத்து இளைஞர்களை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பது முகாமைத்துவத்தின் கேள்வி. தேநீர் அருந்தி, பேச்சு எங்கெங்கோ சென்று மீண்டும் தொழிலுக்குத் திரும்பியபோது நண்பர் இன்னொரு குறையையும் சொன்னார். நல்ல செய்தி ஆசிரியர் ஒருவரை ஆறு மாதங்களாகத் தேடுவதாகவும், கேட்கின்ற சம்பளத்தைக் கொடுப்பதற்கு நிறுவனம் தயாராக இருந்தும் பொருத்தமானவர் அகப்படவில்லை என்றும் வருந்தினார்.

அவர் இவற்றை இரண்டு வெவ்வேறு பிரச்சினைகளாகவே கருதினார். எனக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றின. அவர் இன்று தேடுகின்ற செய்தி ஆசிரியர், இருபது வருடங்களுக்கு முன்னர் எங்கோ ஓர் அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்து, அறிக்கைகளைச் சுருக்கியும் பிழை பார்த்தும் திட்டு வாங்கியும் உருவானவர். இந்த வருடம் சேர்க்கப்படாத பயிலுநரே இன்னும் இருபது வருடங்களில் தேடப்படப்போகும் ஆசிரியர். இயந்திரங்கள் மனிதர்களின் வேலையைப் பறிக்குமா என்ற விவாதம் உலகெங்கும் நடைபெறுகிறது. அந்த விவாதத்தின் இரைச்சலில், திறமைசாலிகள் எவ்வாறு உருவாகிறார்கள் என்ற கேள்வி போதிய கவனத்தைப் பெறவில்லை என்பதே எனது கவலை.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தது 1970களின் பிற்பகுதியில், ஓர் ஒப்புநோக்காளராக. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோப்பாளர்கள் கோத்த காலம் அது. மை காயாத அச்சுப் படியை நான் வைத்துக்கொள்ள, அருகில் இருப்பவர் மூலப்பிரதியை உரத்து வாசிப்பார். நள்ளிரவு கடந்தும் அது தொடரும். அந்த வேலையைப் போன்று சலிப்பூட்டுவது உலகில் வேறொன்று இருக்க முடியாது என்று அன்று நினைத்தேன். ஆனால், இரண்டு வருடங்களில் எந்த அமைச்சருக்கு எந்த இலாகா, எந்தக் கிராமம் எந்த மாவட்டத்தில், எந்த ஆசிரியர் எந்தச் சொல்லை வெட்டுவார், எதற்காக வெட்டுவார் என்பதெல்லாம் எனது தலைக்குள் ஏறிவிட்டன. எவரும் உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. சம்பளத்துக்குச் செய்த சலிப்பான வேலையின் ஊடாகவே அந்தக் கல்வி நடந்தது.

பின்னர் இரவு நேரச் செய்திப் பிரிவில் பயிலுநராக்கப்பட்டேன். மலையகத்தில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்த செய்தியை எமது பிராந்திய நிருபர் ட்ரங்க் கோலில் வாசித்தார். இணைப்பு தெளிவாக இல்லை. இறந்தவர்களின் பெயர்களையும் காயமடைந்தவர்களின் பெயர்களையும் அவசரமாக எழுதிக்கொண்டேன். அடுத்த நாள் முற்பகல், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் பத்திரிகையும் கையுமாக அலுவலகத்துக்கு வந்தார். காயத்துடன் உயிர் தப்பிய அவருடைய சகோதரரின் பெயரை இறந்தவர்களின் பட்டியலில் நான் சேர்த்துவிட்டிருந்தேன். செய்தியை வாசித்த நேரத்திலிருந்து தாயார் உணவு உட்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார். செய்தி ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. அந்த மனிதருக்கு முன்னால் என்னை அமரவைத்து, அவர் சொல்வது முழுவதையும் கேட்கவைத்தார். அவர் சென்ற பின்னர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, அந்தப் பேரை ஆரிட்டைத் திரும்பக் கேட்டனீர்?”

அந்தக் கேள்வி இன்று வரை என்னைவிட்டு அகலவில்லை. எத்தனையோ பரீட்சைகளில் சித்தியடைந்து வந்தவர்களை நான் பின்னர் நேர்முகப் பரீட்சைகளில் சந்தித்திருக்கிறேன். அவர்களில் சிறந்தவர்களாக வளர்ந்தவர்கள், தாம் எழுதியதைத் தாமே சந்தேகிக்கத் தெரிந்தவர்கள். அந்தச் சந்தேகம் எவருக்கும் பிறப்பில் வருவதில்லை. சிறிய பொறுப்புகளைச் சுமந்து, சிறிய தவறுகளைச் செய்து, அவற்றின் விளைவை முகத்துக்கு நேரே கண்டபின் வருவது அது.

இயந்திரத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது எனது நோக்கமல்ல. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்களின் பாவனைக்கு வந்ததிலிருந்து நானும் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். நூறு பக்க அறிக்கையொன்றில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கு அவை பேருதவி. எரிக் பிரின்ஜோல்ப்சன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று, வாடிக்கையாளர் சேவையில் ஈடுபட்டிருந்த 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வேலையை ஆராய்ந்தது. செயற்கை நுண்ணறிவின் துணையுடன் அவர்களது உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதம் உயர்ந்தது. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் அந்த உயர்வு 34 சதவீதமாக இருந்தது. நீண்ட அனுபவம் உள்ளவர்களிடம் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. காரணத்தையும் ஆய்வாளர்கள் விளக்கினர். தேர்ந்த ஊழியர்களின் உரையாடல்களிலிருந்தே இயந்திரம் கற்றிருந்தது. அவர்களது வழிமுறைகளை அது புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது.

இந்த ஆய்வைப் படிக்கின்ற ஒருவர், புதியவர்களைக் கூடுதலாகச் சேர்த்து இயந்திரத்தின் துணையுடன் விரைவாக வளர்த்தெடுக்கலாம் என்ற முடிவுக்கு வருவதே இயல்பு. ஆனால், நடைமுறை வேறு திசையில் செல்வதாகத் தெரிகிறது. அதே பிரின்ஜோல்ப்சனும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரது சகாக்களும் அமெரிக்காவின் சம்பளப் பதிவேட்டுத் தரவுகளை ஆராய்ந்து 2025 ஓகஸ்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் தாக்கம் கூடுதலாக உள்ள தொழில்களில் 22 முதல் 25 வயது வரையானவர்களின் வேலைவாய்ப்பு, 2022இன் பிற்பகுதிக்குப் பின்னர் ஒப்பீட்டளவில் 13 சதவீதம் குறைந்திருப்பதாகக் கண்டனர். அதே தொழில்களில் வயது கூடியவர்களின் வேலைவாய்ப்பு குறையவில்லை. வட்டி வீத உயர்வு போன்ற வேறு காரணங்களும் இதற்கு உண்டு என்று வாதிடுவோர் இருக்கின்றனர். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அனுபவசாலிகளை வைத்துக்கொண்டு புதியவர்களுக்குக் கதவை மூடுகின்ற போக்கு அந்த எண்களில் தென்படவே செய்கிறது. தேர்ந்தவர்களிடம் இருந்து கற்ற இயந்திரம், அடுத்த தலைமுறையில் தேர்ந்தவர்களே உருவாகாவிட்டால் எவரிடம் கற்கும்?

எமது தொழிலிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. 2025 மே மாதத்தில் ‘சிக்காகோ சன்-ரைம்ஸ்’ பத்திரிகையுடன் வெளியான அனுபந்தத்தில் கோடைகாலத்தில் வாசிக்கவேண்டிய நூல்களின் பட்டியலொன்று இருந்தது. பட்டியலில் இருந்த 15 நூல்களில் 10 நூல்கள் உலகில் எங்குமே இல்லாதவை. புகழ்பெற்ற எழுத்தாளர்களின் பெயர்களில், அவர்கள் எழுதாத நாவல்களைச் செயற்கை நுண்ணறிவு கற்பித்திருந்தது. வெளிநிறுவனம் ஒன்றிடமிருந்து பெறப்பட்ட அந்த அனுபந்தத்தைப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் எவரும் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் அந்தப் பத்திரிகையின் ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு விலகிச் சென்றிருந்தனர். பட்டியலை வாங்கி, ஒரு நூலகத்துக்குத் தொலைபேசி அழைப்பை எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பயிலுநர் அங்கு இருந்திருந்தால் அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

இது பத்திரிகைகளுக்கு மாத்திரம் உரிய விடயமல்ல. சுவீடனின் கிளார்னா என்ற நிதி நிறுவனம், தனது செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமமான வேலையைச் செய்வதாக 2024 பெப்ரவரியில் பெருமையுடன் அறிவித்தது. 2025 மே மாதத்தில் அதன் தலைவர், செலவுக் குறைப்புக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவத்தைக் கொடுத்ததால் சேவையின் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, மீண்டும் மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கியிருப்பதாகக் கூறினார். மருத்துவத்தில் இன்னும் கவலைக்குரிய ஒரு கண்டறிதல் உண்டு. போலந்தில் பெருங்குடலைக் குழாய்க் கமெராவினால் பரிசோதிக்கும் அனுபவம் மிக்க மருத்துவர்கள், செயற்கை நுண்ணறிவின் துணைக்குப் பழகிய பின்னர் அத்துணை இல்லாமல் செய்த பரிசோதனைகளில், புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்த வீதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்ததாக 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஓர் ஆய்வை வைத்து இறுதி முடிவுக்கு வரக்கூடாதுதான். இருந்தாலும், ஏற்கெனவே கற்றவர்களின் கைகளே மறக்கக்கூடும் என்றால், ஒருபோதும் கற்றிராத கைகளின் நிலை என்னவாக இருக்கும் என்று சிந்திக்கவேண்டியுள்ளது.

அமேசன் நிறுவனத்தின் கணினிச் சேவைப் பிரிவின் தலைவர் மட் கார்மன், இளநிலை ஊழியர்களின் இடத்தில் செயற்கை நுண்ணறிவை அமர்த்தலாம் என்பது தாம் கேட்டவற்றிலேயே மிக மடத்தனமான யோசனைகளில் ஒன்று என்று 2025 ஓகஸ்டில் கூறியிருந்தார். எவரும் எதையும் கற்றுக்கொள்ளாவிட்டால் பத்து வருடங்களின் பின்னர் என்ன செய்வது என்பது அவரது வாதம். அதே அமேசன், 2025 ஒக்டோபரில் ஏறத்தாழ 14,000 அலுவலகப் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அவை அனைத்தும் இளநிலைப் பணியிடங்கள் என்று நான் கூறவரவில்லை. ஆனால், தலைவர்களுக்கு விளங்குகின்ற உண்மைகள் எல்லாம் நிறுவனங்களின் கணக்கேடுகளில் இடம்பெறுவதில்லை. பயிலுநரின் சம்பளம் இந்த மாதச் செலவில் தெரியும். பயிலுநர் இல்லாததால் ஏற்படும் நட்டம் இன்னும் பதினைந்து வருடங்களின் பின்னரே தெரியவரும். அப்போது கணக்குப் பார்ப்பதற்கு இன்றைய முகாமையாளர் இருக்கமாட்டார்.

வள்ளுவர் பொருட்பாலில் ஆளைத் தெரிந்து தெளிவதற்கு ஓர் அதிகாரத்தையும், தெளிந்தவரை வினையில் அமர்த்துவதற்கு அடுத்த அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். 51ஆம், 52ஆம் அதிகாரங்கள் அவை. தெரிவு செய்வதும் வேலையில் வைத்து வளர்ப்பதும் வெவ்வேறு கடமைகள் என்பதை அந்த வைப்புமுறை எனக்கு எப்போதும் நினைவூட்டும். இன்றைய நிறுவனங்கள் முதலாவது கடமையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

தெரிவு செய்யும் கடமையை முதலில் எடுத்துக்கொள்வோம். விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் கருவியொன்றை அமேசன் 2014 முதல் உருவாக்கிப் பின்னர் கைவிட்டதை ரொய்ட்டர் செய்தி நிறுவனம் 2018 ஒக்டோபரில் வெளிப்படுத்தியது. அதற்கு முந்திய பத்து வருடங்களின் விண்ணப்பங்களிலிருந்து அந்தக் கருவி கற்றிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே பெண்களைக் குறிக்கும் சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களுக்கு அது புள்ளிகளைக் குறைத்தது. கடந்த காலத்தில் நாம் செய்த தவறுகளையே இயந்திரம் நேர்த்தியாகத் திருப்பிச் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இப்போது விண்ணப்பதாரர்களும் இயந்திரத்தைக் கொண்டே விண்ணப்பங்களை எழுதுகிறார்கள். ஓர் இயந்திரம் எழுதியதை இன்னோர் இயந்திரம் வாசித்துப் புள்ளியிடுகின்ற இடத்தில் ஆளைத் தெரிவது எங்ஙனம்?

என்னிடம் கேட்டால், விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுங்கள் என்பேன். செயற்கை நுண்ணறிவு எழுதிய அறிக்கையொன்றையும் ஒரு தொலைபேசியையும் கொடுத்து, இதில் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பக்கூடாது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கணினியைப் பயன்படுத்துவதற்குத் தடை விதிக்கவேண்டாம். மதியம் அவர் கொண்டுவரும் விடையைக் காட்டிலும், எவரை அழைத்தார், எந்த இடத்தில் ஐயுற்றார், எது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். தந்தையின் பெயரை முன்னால் எழுதும் எமது வழக்கத்தை அறியாமல், ஒருவரது தந்தையின் பெயராலேயே அவரைக் குறிப்பிடும் இயந்திர மொழிபெயர்ப்புகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அந்த இடத்தில் தயங்கி நிற்கின்ற இளைஞரோ யுவதியோ எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது எனக்குப் பெரிய விடயமல்ல.

அடுத்தது வளர்க்கும் கடமை. பயிலுநரின் முதலாவது வருடத்தில், இயந்திரத்தினால் செய்யக்கூடிய வேலைகளையும் அவரிடம் கொடுக்கவேண்டும். முதலில் தானாகச் செய்யட்டும். பின்னர் இயந்திரம் செய்ததையும் அருகில் வைத்து ஒப்பிட்டு, எது ஏன் சிறந்தது என்று மூத்தவர் ஒருவருக்கு விளக்கட்டும். ஒப்புநோக்குதல் என்ற பழைய வேலைக்கு இப்படி ஒரு புதிய பயன் கிடைக்கும். மூத்தவர்கள் இதற்குச் செலவிடும் நேரத்தை அவர்களது வேலையின் ஒரு பகுதியாக நிறுவனம் கணக்கிடவேண்டும். இன்று பல அலுவலகங்களில் இளையவர்களுக்குக் கற்பிப்பவர் தனது சொந்த வேலையில் பின்தங்கியவராகக் கருதப்படுகிறார். இளையவரின் பெயரில் ஏதாவதொரு சிறிய பொறுப்பு இருக்கவேண்டியதும் அவசியம். தவறு நேர்ந்தால் “இயந்திரம் சொன்னது” என்று எவரும் தப்பித்துக்கொள்ளக்கூடிய அலுவலகத்தில் எவரும் எதையும் கற்கப்போவதில்லை.

நூறு ரூபாவை எண்ணிச் செலவழிக்கும் சிறிய நிறுவனங்களினால் இதெல்லாம் முடியுமா என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. பயிற்றுவித்தாலும் அவர்கள் வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற வாதமும் இருக்கிறது. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர்கள் வேலைக்காக வெளிநாடுகளுக்குச் சென்றனர். ஆனால், எனது அனுபவத்தில், ஒரு பத்திரிகை உருவாக்கியவர் இன்னொரு பத்திரிகைக்குச் சென்றார். அங்கு உருவானவர் எம்மிடம் வந்தார். பேராசிரியர் க.கைலாசபதி 1959இல் ‘தினகரன்’ ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 26. இரண்டு வருடங்கள் வரைதான் அந்தப் பதவியில் இருந்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் இளம் எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்ட பக்கங்களின் பயனை ஈழத்து இலக்கியம் முழுவதும் பல தசாப்தங்களாக அனுபவித்தது. ஊர்க் குளத்தை ஆளுக்கு ஒரு நாள் தூர்வாரினால் எல்லோருடைய வயலுக்கும் தண்ணீர் கிடைக்கும். எவரும் வாராமல் எல்லோரும் இறைத்தால் என்ன நடக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும்.

பழைய காலத்தை நான் போற்றிப் பாடுவதாக எவரும் கருதிவிடக்கூடாது. சலிப்பான வேலை கல்வியாக இருந்தது உண்மை. அது சுரண்டலாகவும் இருந்தது. நியமனத்தை நிரந்தரமாக்காமல் வருடக்கணக்கில் ஒப்புநோக்காளர்களாகவே வைத்திருக்கப்பட்டு, கண்பார்வை மங்கி ஓய்வுபெற்றவர்களை நான் அறிவேன். இரவு வேலை என்ற காரணத்தைச் சொல்லியே பெண்கள் ஆசிரிய பீடங்களிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டனர். அவற்றை ஒழிப்பதற்கு இயந்திரம் உதவுமானால் அதை மனமார வரவேற்பேன். பத்து வருடங்களில் நாம் கற்றதை மூன்று வருடங்களில் கற்பிக்க இந்தக் கருவிகளினால் முடியும் என்றும் நம்புகிறேன். அதற்குக் கற்பிக்கப்படவேண்டிய ஆள் ஒருவர் அலுவலகத்தில் இருக்கவேண்டும்.

சில மாதங்களுக்கு முன்னர் வட மாகாணத்திலிருந்து இளம் செய்தியாளர் ஒருவர் தனது கட்டுரையொன்றை எனது பார்வைக்கு அனுப்பியிருந்தார். குடிநீர்த் திட்டமொன்றைப் பற்றியது. மொழிநடையில் ஒரு குறையும் இல்லை. இயந்திரம் திருத்தியது என்பது அந்த வழுவழுப்பிலேயே தெரிந்தது. பயன்பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை ஓரிடத்தில் குறிப்பிடப்பட்டிருந்தது. தொலைபேசியில் அழைத்து, “பிள்ளை, இதை ஆரிட்டைக் கேட்டனீங்கள்?” என்று வினவினேன். சிறிது நேரம் மௌனம். “ஒருத்தரிட்டையும் கேட்கேல்லை சேர்” என்றார். மறுநாள் அவர் அந்தக் கிராமத்துக்கே போனார். குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன, தண்ணீர் வந்து நான்கு மாதங்களாகிவிட்டதாகப் பெண்கள் கூறினர். திருப்பி எழுதப்பட்ட கட்டுரை முன்னையதில் பாதியளவுதான் இருந்தது. நடையும் சற்றுக் கரடுமுரடாக இருந்தது. அதை வாசித்து முடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கு விபரிக்க முடியவில்லை.

அந்தச் சம்பவத்தை நண்பரிடம் கூறினேன். முகாமைத்துவத்திடம் பேசி இரண்டு பயிலுநர்களையாவது சேர்க்க முயற்சிக்கலாம், ஆனால் அவர்களுக்கு அருகில் இருந்து சொல்லிக்கொடுப்பதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டார். ஓய்வுபெற்ற எனக்கு நேரம் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாட்கள் வருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.